ஒவ்வொருத்தரும் எந்திரிச்சுப் போனதும் கம்ப்யூட்டர் பழையபடி ஆகணும், வாசகசாலை மெஷினுக்கு என்ன வழி?

புளியரை வாசகசாலை:

எல்லாருக்கும் வணக்கம். செங்கோட்டைல இருந்து ஆரியங்காவு போற ரோட்டுல புளியரைக்குப் பக்கத்துல எங்க ஊரு. ஊர்ப் பயலுக சேர்ந்து நடத்துற வாசகசாலைல 6 கம்ப்யூட்டர் இருக்கு, எங்க ஊர்ல இருந்து கல்ஃப் போனவங்க வாங்கிக் குடுத்தது. எல்லாம் விண்டோஸ் 10 ப்ரோ, 4 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க்கு. காசு எதுவும் வாங்கல, பேப்பர் காசு மட்டும்தான்.

வர்றவங்க எல்லா விதமும் உண்டு. டிஎன்பிஎஸ்சி போடுற பிள்ளைங்க, கேரளா பிஎஸ்சியோட துளசி சைட்டுல அப்ளிகேஷன் போடுறவங்க, தென்மலை ஆரியங்காவு எஸ்டேட்ல இருந்து தமிழ்ல எழுதித் தர ஆள் இருக்குன்னு இறங்கி வர்றவங்க, பென்ஷன் தாத்தாமாரு, சாயங்காலம் ஆனா பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ஒரே மெஷின்ல ஒரு நாளைக்கு பத்துப் பன்னெண்டு பேர் உக்காந்து எந்திரிக்காங்க.

போன மாசம் நடந்ததைச் சொல்றேன், இது நடந்ததுல இருந்து எனக்கு சரியா தூக்கம் இல்ல. ஒரு பொண்ணு வந்து டிஎன்பிஎஸ்சி ஒன்டைம் ரிஜிஸ்ட்ரேஷன் முடிச்சிட்டுப் போச்சு, க்ரோம் பாஸ்வேர்டை சேவ் பண்ணட்டுமான்னு கேட்டப்ப அது சரின்னு அமுக்கியிருக்கு, பாவம் அதுக்கு என்ன தெரியும். அடுத்து அதே மெஷின்ல ஒரு பையன் உக்காந்து அவனோட ஃபார்மை நிரப்பியிருக்கான், மெயில் ஐடி கட்டத்துல முதல் எழுத்து அடிச்சதும் அந்தப் பொண்ணோட மெயில் தானா வந்து விழுந்திருக்கு, அவனும் கவனிக்காம சப்மிட் குடுத்துட்டான். அவனுக்கு வர வேண்டிய தகவல் எல்லாம் அந்தப் பொண்ணுக்குப் போச்சு. கடைசி நாளைக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் தெரிஞ்சு ஓடி ஓடி சரி பண்ணோம்.

அதுக்கு அப்புறம் நான் ஒவ்வொரு மெஷினா தொறந்து டவுன்லோட்ஸ் ஃபோல்டரைப் பாத்தேன். ஒரு மெஷின்ல மட்டும் 212 ஃபைலு. ஆதார், பாஸ்புக் ஃபோட்டோ, சாதிச் சான்று, ஒரு அக்காவோட ஸ்கேன் ரிப்போர்ட்டு கூட. மூணு பேரோட வாட்ஸ்அப் வெப் தொறந்தே கெடக்கு. ஆதார் பிடிஎஃப்க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கேன்னு சொல்லாதீங்க, பேரோட முதல் 4 எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, எங்க ஊர்ல யாருக்கு யாரோட பேரும் வயசும் தெரியாது?

இதுவரைக்கும் செஞ்சு பாத்தது: சுவத்துல தமிழ்லயும் மலையாளத்துலயும் லாக் அவுட் பண்ணுங்கன்னு எழுதி ஒட்டினோம், யாரும் படிக்கல. டவுன்லோட்ஸை அழிக்கிற ஒரு பேட்ச் ஃபைல் எழுதினேன், ஆனா ஆளுக டெஸ்க்டாப்புல சேவ் பண்றாங்க, டாக்குமெண்ட்ஸ்ல பண்றாங்க, சி டிரைவ்ல தனி ஃபோல்டரே போடுறாங்க, எத்தனைன்னு துரத்துறது. ராத்திரி நானே ஒவ்வொண்ணா பாத்து அழிச்சேன், ஆனா காலைல உக்காந்தவரோடது சாயங்காலம் வரைக்கும் கெடக்குதே. இது போக கீபோர்டு மலையாளத்துல நிக்கும், வால்பேப்பர் மாறியிருக்கும், என்னென்னமோ டூல்பார் ஏறியிருக்கும், ஒரு நாள் பிரிண்டரையே யாரோ டிலீட் பண்ணிட்டாங்க.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ஆள் எந்திரிச்சதும் மெஷின் அவங்களை மறந்துரணும், அடுத்த ஆளுக்கு நாங்க முதல்ல செட் பண்ணி வெச்ச மாதிரியே நிக்கணும். லாக் அவுட் பண்ணத் தெரியாதவங்களும் எங்ககிட்ட தைரியமா வந்து உக்காரணும். கையில பெருசா காசு இல்ல. வழி சொல்லுங்க.

கம்பம் பிரவுசிங் சென்டர்:

தம்பி, நான் கம்பத்துல பிரவுசிங் சென்டர் வெச்சு இருபது வருசத்துக்கு மேல ஆச்சு, ஒரு காலத்துல 14 மெஷின் ஓடுச்சு, இப்ப 5 தான். குமுளி, வண்டிப்பெரியார்ல இருந்து வர்ற கூட்டம் எனக்கும் உண்டு, நீங்க சொல்றது அம்புட்டும் நான் பட்டது.

முதல்ல ஒண்ணு மனசுல வைங்க, அழுக்கை தேடித் தேடி தொடைக்கிற வழில போனா ஜெயிக்கவே முடியாது, நீங்க பேட்ச் ஃபைல் எழுதிப் பாத்ததும் அதுதான். வழி என்னன்னா டிஸ்க்குல எழுதுனது நிக்கவே விடாம பண்றது. எக்ஸ்பி காலத்துல மைக்ரோசாஃப்டே இதுக்கு ஸ்டெடிஸ்டேட்னு ஒண்ணு சும்மா குடுத்துச்சு, நூலகம், பள்ளிக்கூடத்துக்குன்னே செஞ்சது, தங்கமா இருந்துச்சு. 2010 டிசம்பரோட நிறுத்திட்டாங்க, விண்டோஸ் 7க்கு அது வரவே இல்ல. அன்னைக்கு நான் பட்ட கவலை கொஞ்சநஞ்சம் இல்ல.

அதுக்கு அப்புறம் டீப் ஃப்ரீஸ்தான் இன்னைக்கு வரைக்கும். அது என்ன செய்யும்னா, ஆள் எதை சேவ் பண்ணாலும் இன்ஸ்டால் பண்ணாலும் அழிச்சாலும் அதை டிஸ்க்குல வேற காலி இடத்துக்குத் திருப்பி விட்டுரும், அந்த ஆளுக்கு எல்லாம் நடந்த மாதிரியே தெரியும், ஆனா ரீஸ்டார்ட் ஆன உடனே அந்தத் திருப்பி விட்ட கணக்கை மறந்துட்டு நீங்க ஃப்ரீஸ் பண்ண அன்னைக்கு இருந்த மாதிரியே எந்திரிக்கும். கீழ கடிகாரம் பக்கத்துல ஒரு கரடி படம் நிக்கும், ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு அந்தக் கரடியை டபுள் கிளிக் பண்ணா பாஸ்வேர்டு கேக்கும், உள்ள போய் தா பண்ணிட்டு, அதாவது ஃப்ரீஸை எடுத்து விட்டுட்டு, ரீஸ்டார்ட் பண்ணாத்தான் நீங்க செய்யிற மாத்தம் நிக்கும். ஒரு மாசம் சும்மா போட்டுப் பாக்கலாம், அதுக்கப்புறம் காசு.

ஒரு வார்த்தை, சும்மா கெடைக்குதுன்னு கிராக் வெர்ஷனை எறக்கிராதீங்க. ஊரு சனத்தோட ஆதாரைக் காப்பாத்தத்தான் போடுறோம், அதுக்குள்ளயே எவனோ வெச்ச வைரசு இருந்தா என்ன அர்த்தம்?

நான் அடிபட்டுக் கத்துக்கிட்டது மூணு நாலு இருக்கு, சொல்றேன். ஃப்ரீஸ் பண்றதுக்கு முன்னாடி மெஷினை முழுசா சுத்தமா புதுசா விண்டோஸ் போட்டு, பிரிண்டர், தமிழ் எழுத்துரு, தமிழ்99 கீபோர்டு, மலையாள கீபோர்டு, பிடிஎஃப் ரீடர், ஃபோட்டோ சைஸ் கொறைக்கிற சாஃப்ட்வேர்னு எல்லாத்தையும் போட்டு சோதிச்சுட்டு அப்புறம் ஃப்ரீஸ் பண்ணுங்க, இப்ப இருக்கிற நெலமைல ஃப்ரீஸ் பண்ணா அந்த 212 ஃபைலும் தெனமும் உயிரோட திரும்பி வரும். அப்புறம் விண்டோஸ் அப்டேட்டு. ஃப்ரீஸ் ஆன மெஷின் பகல்ல அப்டேட் எறக்கும், ரீஸ்டார்ட் ஆனதும் எறக்குனதை மறந்துரும், மறுநாள் திரும்ப முதல்ல இருந்து எறக்கும். எனக்கு ஒரு மாசம் நெட்டு ஏன் ஆமை மாதிரி போகுதுன்னே தெரியல, கடைசில பாத்தா 14 மெஷினும் தெனமும் ஒரே அப்டேட்டை எறக்கிக்கிட்டு இருந்திருக்கு. அதனால அப்டேட்டை நிறுத்தி வெச்சுட்டு, வாரத்துல ஒரு ராத்திரி தா பண்ணி அப்டேட்டு, ஆன்டிவைரசு எல்லாம் முடிச்சு திரும்ப ஃப்ரீஸ் பண்ற மாதிரி நேரம் போட்டு வைங்க.

அப்புறம் முக்கியமானது, இது லாக் ஆஃப் பண்ணா சுத்தமாகாது, ரீஸ்டார்ட் ஆகணும். பழைய ஹார்டு டிஸ்க்குல அது மூணு நாலு நிமிசம் எடுக்கும், ஆள் வரிசைல நிக்கும்போது நீங்களே பரவால்ல உக்காருங்கன்னு சொல்லிருவீங்க, அன்னைக்கே இதெல்லாம் வீண். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா வேகமா ஓடுற எஸ்எஸ்டி டிஸ்க்கு சின்னதா ஒண்ணு வாங்கி மாட்டுங்க, அரை நிமிசத்துல எந்திரிச்சுரும். என் அனுபவத்துல சாஃப்ட்வேருக்குக் குடுக்குற காசை விட இதுக்குக் குடுக்குற காசுதான் முதல்ல.

புளியரை வாசகசாலை:

அண்ணே ரொம்ப நன்றி, அந்த அப்டேட் விசயம் யாரும் சொல்லவே மாட்டாங்க. 6 மெஷினுக்கும் லைசென்ஸ் வாங்குறது எங்களுக்கு இப்ப முடியாது, எஸ்எஸ்டி வேணா ஊர்ல கேட்டு வாங்கிருவோம். இன்னொரு கவலை, விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14 ஓட முடிஞ்சுபோச்சு, எங்க மெஷின்ல 11 ஏறாதுங்குது. பழைய பிராசசர்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர்:

வணக்கமுங்க. நான் பாலக்காடு ஜில்லா சித்தூர் தாலூக்கால தமிழ் மீடியம் ஸ்கூல்ல டீச்சர், ஐடி லேப் என் பொறுப்புங்க. எங்க பக்கம் அரசு ஸ்கூல்ல எல்லாம் விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ்ங்கிற இலவச சிஸ்டம்தானுங்க, ஐடி அட் ஸ்கூல்னு 2001-ல ஆரம்பிச்சு 2017-ல கைட்னு பேரு மாறுனாங்க, உபுண்டுங்கிற ஒரு வகை லினக்ஸை வெச்சு அவங்களே ஒரு சிஸ்டம் செஞ்சு குடுக்கிறாங்க. அதனால உங்களுக்கு நான் சொல்றது லினக்ஸ் வழி, 11 ஏறாத மெஷினுக்கு இதுதான் நல்லதுன்னு என் எண்ணம், பைசாவும் இல்லீங்க.

லினக்ஸ்லயே மின்ட்ங்கிற வகையைப் போட்டீங்கன்னா அதுல லாகின் விண்டோ செட்டிங்குல யூசர்ஸ் பக்கத்துல கெஸ்ட் செஷன் அனுமதிக்கன்னு ஒரு சுவிட்சு இருக்குதுங்க, அதை ஆன் பண்ணுனா போதும். ஆள் கெஸ்ட்டா உள்ள போறப்ப அவங்களுக்குன்னு ஒரு தற்காலிக வீடு ராம்லயே உருவாகுதுங்க, டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப்பு, ஃபயர்ஃபாக்ஸ் பாஸ்வேர்டு, வாட்ஸ்அப் வெப் எல்லாம் அதுக்குள்ளதான். லாக் அவுட் ஆன செகண்டு அந்த வீடே காணாம போயிருமுங்க. ரீஸ்டார்ட் வேண்டாம், பத்து செகண்டுல அடுத்த ஆள் உக்காரலாம். கரண்டு போனாலும் போச்சு, ஏன்னா அது ராம்லதானே இருந்துச்சு. கம்பத்துக்காரர் சொன்ன வழியில ஒரு சின்ன விசயம் இருக்குதுங்க, டிஸ்க்குல வேற இடத்துல எழுதி அதை மறக்கிறது, ஆனா எழுதுனது அங்கயே கொஞ்ச நாள் கெடக்கும், மெனக்கெட்டுத் தேடுறவங்க எடுக்க முடியும். ராம்ல இருந்தா அந்தப் பயம் ரொம்பக் கொறைவுங்க.

கெஸ்ட்டு கிட்ட அட்மின் பாஸ்வேர்டு இல்லாததால சாஃப்ட்வேர் ஏத்தவும் முடியாது, பிரிண்டரை அழிக்கவும் முடியாதுங்க. கீபோர்டு, வால்பேப்பர், புக்மார்க்கு இதெல்லாம் நீங்க வேணும்கிற மாதிரி ஒரு அக்கவுண்ட்ல செட் பண்ணி, அதை கெஸ்ட் செஷனோட மாதிரி ஃபோல்டருக்குள்ள காப்பி பண்ணி வெச்சீங்கன்னா ஒவ்வொரு கெஸ்ட்டுக்கும் அப்படியே வருமுங்க. நான் தமிழ்99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட், இங்கிலீசு மூணும் வெச்சு எப்பவும் இங்கிலீசுல தொடங்குற மாதிரி போட்டிருக்கேன்.

ஒண்ணு கவனமா இருங்க. 2017-ல உபுண்டுல இந்த கெஸ்ட் செஷனுக்கு இருந்த காவல் சரியா வேலை செய்யாம மத்தவங்க ஃபைலைப் பாக்க முடியுதுன்னு கண்டுபிடிச்சாங்க, அதனால அங்க அதை நிறுத்துனாங்க. அதனால வாசகசாலை மெஷின்ல உங்க சொந்த ஃபைல், உறுப்பினர் லிஸ்ட்டு, கணக்கு எதையும் வைக்காதீங்க, அட்மின் அக்கவுண்டோட ஃபோல்டரும் அட்மின் மட்டும் தொறக்கிற மாதிரி பூட்டி வைங்க.

முழு மெஷினையே ஃப்ரீஸ் பண்ணணும்னா உபுண்டு பக்கம் ஓவர்லேரூட்னு ஒரு பேக்கேஜ் இருக்குதுங்க, ஒரே ஒரு வரி மாத்துனா சிஸ்டம் முழுசும் படிக்க மட்டும்னு ஆகி எழுதுறது எல்லாம் ராமுக்குப் போயிரும். ஆனா உங்ககிட்ட 4 ஜிபி தான், பெரிய ஃபைலு எறக்குனா தெணறும், எனக்கு கெஸ்ட் செஷனே போதும்னு தோணுதுங்க.

ஊத்துக்கோட்டை சிஸ்டம் சர்வீஸ்:

டீச்சர் சொன்னது கரெக்டு. நான் ஊத்துக்கோட்டைல சர்வீஸ் பண்றேன், நாகலாபுரம், சத்தியவேடு பக்கம் ஆந்திரா ஸ்கூலுங்களுக்கும் போவேன், அங்க தெலுங்கு கீபோர்டு தமிழ் கீபோர்டு சண்டை உங்க மலையாள சண்டை மாதிரியேதான். விண்டோஸ்லயே இருக்கணும்னு நினைக்கிறவங்களுக்காக சொல்றேன்.

விண்டோஸ்லயே உள்ளுக்குள்ள யூனிஃபைடு ரைட் ஃபில்டர்னு ஒண்ணு இருக்குது, டீப் ஃப்ரீஸ் செய்யிற வேலையேதான், தனியா காசு கிடையாது, ஆனா எண்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐஓடி எடிஷன்லதான் வரும், ஹோம்லயும் ப்ரோலயும் கிடையாது. நிறைய பேர் ப்ரோல தேடித்தேடி நேரத்தை வீணாக்குறாங்க. எழுதறதை எல்லாம் ராம்ல புடிச்சு வைக்கும், எதுவும் மாத்தாம விட்டா 1024 எம்பி தான் இடம், அது ரொம்பிச்சுன்னா மெஷின் அப்படியே நின்னுடும். ஒருத்தர் ஒரு பெரிய வீடியோ எறக்கினா போதும். 4 ஜிபி மெஷினுக்கு நான் போட மாட்டேன், இல்லன்னா டிஸ்க்குல இடம் ஒதுக்கி விடணும்.

ப்ரோல இருக்கறது ஷேர்டு பிசி மோடு. விண்டோஸ் 10ல 2016 வாக்குல வந்துச்சு. விண்டோஸ் கான்ஃபிகரேஷன் டிசைனர்னு ஸ்டோர்ல சும்மா கிடைக்குது, அதுல ஒரு பேக்கேஜ் செஞ்சு பென்டிரைவ்ல போட்டு மெஷின்ல ஓட்டினா லாகின் ஸ்கிரீன்ல கெஸ்ட்னு ஒரு ஆள் வருவாரு, பாஸ்வேர்டு கிடையாது, சைன் அவுட் பண்ணா அந்த அக்கவுண்ட்டே அழிஞ்சுடும். டீச்சர் சொன்ன கெஸ்ட் செஷனுக்கு விண்டோஸ்ல இதுதான் தம்பி மாதிரி. உங்களுக்கு விண்டோஸ் கட்டாயம் வேணும்னா ஒரு மெஷினுக்கு இதைப் போடுங்க.

எதைப் போட்டாலும் இதெல்லாம் செய்யணும். மெஷின் ஆன் ஆனதும் முதல்ல ஓடற பயாஸ் செட்டிங்ல பாஸ்வேர்டு போட்டு பென்டிரைவ்ல இருந்து பூட் ஆகறதை நிறுத்துங்க, இல்லன்னா ஒரு பையன் பென்டிரைவ்ல வேற சிஸ்டம் கொண்டாந்து உங்க ஃப்ரீஸையே தாண்டிப் போவான், நான் ஒரு லேப்ல பாத்திருக்கேன், ஒம்பதாவது படிக்கிற பையன். விண்டோஸ்ல ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை ஆஃப் பண்ணுங்க, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணா கூட முழுசா ஷட்டவுன் ஆகறதில்ல, ரைட் ஃபில்டர் போட்ட மெஷின்ல அழியவேண்டியது அழியாம நிக்கும். ஸ்கூல்ல டொமைன்ல, அதாவது ஒரே சர்வருக்குக் கீழ, சேத்த மெஷினை ஃப்ரீஸ் பண்றவங்க இன்னொண்ணு பாருங்க, மெஷினுக்கும் சர்வருக்கும் நடுவுல ஒரு பாஸ்வேர்டு 30 நாளைக்கு ஒருக்கா தானா மாறும், ஃப்ரீஸ்ல இருக்கற மெஷின் புதுசை மறந்துட்டு பழசையே சொல்லும், சர்வர் உள்ள விடாது. ஒரு மாசம் கழிச்சு லேப் பூரா லாகின் ஆகலன்னு எனக்கு ஃபோன் வரும், போய்ப் பாத்தா இதான்.

பிரிண்டரை மறக்காதீங்க. மெஷினை சுத்தம் பண்ணிட்டோம்னு நிம்மதியா இருப்பீங்க, பிரிண்ட் க்யூல முந்தின ஆளோட ஆதார் நின்னுக்கினு இருக்கும், பேப்பர் போட்டதும் வந்து விழும். பெரிய ஜெராக்ஸ் மெஷினா இருந்தா ஸ்கேன் பண்ணதை அதுவே உள்ள வெச்சிருக்கும். அப்புறம் கீபோர்டு வயரு சிபியூல சொருகற இடத்துல நடுவுல ஏதாவது சின்னக் கட்டை மாதிரி இருக்கான்னு வாரத்துக்கு ஒருக்கா பின்னாடி குனிஞ்சு பாருங்க. அடிக்கறதை எல்லாம் பதிவு பண்ற கருவி அப்படித்தான் இருக்கும், எந்த ஃப்ரீஸும் அதைத் தடுக்காது.

ஆறுக்கும் ஒரே செட்டிங்னா ஒரு மெஷினை முழுசா ரெடி பண்ணி க்ளோன்ஜில்லான்னு ஒரு சாஃப்ட்வேரால இமேஜ், அதாவது டிஸ்க்கோட முழு காப்பி, எடுத்து ஒரு ஹார்டு டிஸ்க்ல வைங்க. எந்த மெஷின் போனாலும் அரை மணில திரும்ப நிக்கும்.

ஆரியங்காவு பொண்ணு:

நான் கம்ப்யூட்டர் தெரிஞ்சவ இல்ல, உக்காந்து யூஸ் பண்றவ. எங்க எஸ்டேட் லயத்துல நெட்டு கிடைக்காது, அதனால நானும் இந்த மாதிரி ஒரு சென்டருக்குத்தான் பஸ் ஏறிப் போறது. அண்ணன்மாருக எல்லாம் அழிக்கிறதைப் பத்தியே பேசுறீங்க, அழிஞ்சு போய் நான் அழுத கதையையும் கொஞ்சம் கேளுங்க.

ஜூலை மாசம், சாரல் நேரம், கரண்டு எப்ப போகும் எப்ப வரும்னே தெரியாது. நான் ரெண்டு மணி நேரம் உக்காந்து ஒரு ஸ்காலர்ஷிப்புக்கு கட்டுரையும் சான்றிதழ் எல்லாம் ஸ்கேன் பண்ணி சைஸ் குறைச்சும் டெஸ்க்டாப்புல வெச்சிருந்தேன், கரண்டு போச்சு, வந்தப்ப மெஷின் வெறிச்சுன்னு இருக்கு, ஒண்ணுமே இல்ல. அங்க இருந்தவர்கிட்ட கேட்டா இது அப்படித்தான் இருக்கும், பென்டிரைவ்ல போட்டிருக்கணும்னு சொன்னாரு. முன்னாடியே யாரும் சொல்லலையே. கடைசி பஸ்ஸுக்கு நேரமாச்சு, திரும்ப ஸ்கேன் பண்ண காசும் இல்ல, மறுநாள் எங்கம்மா வேலைக்கு லீவு போட்டு என்கூட வந்தாங்க, அவங்களுக்கு ஒரு நாள் கூலி போச்சு.

அதனால அழிங்க, கண்டிப்பா அழிங்க, என் சான்றிதழ் அங்க கெடக்குறது எனக்கும் பயம்தான். ஆனா உக்காரும்போதே சொல்லிருங்க. இல்லன்னா நடுவுல கரண்டு போனா தாங்குற மாதிரி ஏதாவது ஒரு இடம் வைங்க.

கம்பம் பிரவுசிங் சென்டர்:

பாப்பா சொன்னது நூத்துக்கு நூறு. நான் இதை எழுத மறந்தது என் தப்பு. டீப் ஃப்ரீஸ்ல தாஸ்பேஸ்னு ஃப்ரீஸ் ஆகாத ஒரு தனி டிரைவ் வெச்சுக்கலாம், அதுல சேவ் பண்ணா ரீஸ்டார்ட்டுக்கும் நிக்கும். ஆனா அங்க போட்டதை யாரும் பாக்கலாம், அதனால அதை ராத்திரி பூட்டும்போது மொத்தமா அழிக்கணும். நான் இப்ப என்ன செய்யிறேன்னா, எல்லா மெஷினுக்கும் யூபிஎஸ் போட்டுட்டேன், பத்து நிமிசம் தாங்கும், கரண்டு போன உடனே நான் எந்திரிச்சு சத்தமா எல்லாரும் சேவ் பண்ணுங்கன்னு சொல்லிருவேன். கவுண்டர்ல நாலு பென்டிரைவ் வெச்சிருக்கேன், இல்லாதவங்களுக்குக் குடுத்து, போகும்போது அவங்க மெயிலுக்கே அனுப்பச் சொல்லிட்டு அவங்க கண்ணு முன்னாடியே ஃபார்மேட் பண்ணி வாங்கி வெச்சுருவேன்.

இன்னொண்ணு தம்பி, எல்லாம் அழிச்சாச்சுன்னு பதிவேட்டையும் விட்டுராதீங்க. சைபர் கஃபேக்கு மத்திய அரசு 2011-ல போட்ட விதி இருக்கு, யார் வந்தா, எந்த மெஷின், எத்தன மணிக்கு உக்காந்தாக, எந்திரிச்சாகன்னு அடையாள அட்டை பாத்து எழுதி 1 வருசம் வெச்சிருக்கணும், எந்த சைட்டுக்குப் போனாகங்கிற ஹிஸ்டரியும் அதே மாதிரி. மெஷின் தெனம் மறந்துரும்ங்கிறதால அந்த லாகு மெஷின்ல இருந்து வராது, வெளிய ப்ராக்சி மாதிரி, எல்லா மெஷினோட நெட்டும் தாண்டிப் போற ஒரு இடத்துல இருந்துதான் எடுக்கணும். விதில சொல்றது தொழிலா நடத்துற இடத்தை, நீங்க சும்மா நடத்துற வாசகசாலை, ஆனாலும் ஒரு நோட்டு போட்டு எழுதி வைங்க. ஒரு நாள் யாராவது தப்பு தண்டா பண்ணிட்டு போலீஸ் வந்து நின்னா அந்த நோட்டுதான் உங்க பயலுகளைக் காப்பாத்தும். எனக்கு ஒருக்கா காப்பாத்தியிருக்கு. அந்த நோட்டை மேசைல விரிச்சு போட்டு வைக்காதீக, அதுலயும் ஃபோன் நம்பர் இருக்கும்ல, பூட்டி வைங்க.

புளியரை வாசகசாலை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பத்து நாள் எடுத்துக்கிட்டு செஞ்சிட்டு வந்து எழுதுறேன்.

முதல்ல அந்த 212 ஃபைலு. அழிக்கிறதுக்கு முன்னாடி யார் யாரோடதுன்னு தெரிஞ்ச ஆளுகளுக்கு சொல்லிட்டோம், வாட்ஸ்அப் வெப் தொறந்து கெடந்த மூணு பேருக்கும் அவங்க ஃபோன்ல லிங்க்டு டிவைசஸ் போய் எடுத்துவிட்டோம், ஒரு மதினிக்கு அப்படி ஒண்ணு இருக்குறதே தெரியல. அப்புறம் ஊர்ல கேட்டு 4 எஸ்எஸ்டி வாங்கினோம், பழைய டிஸ்க்கை தூக்கிப் போடாம முழுசா அழிச்சு பீரோல வெச்சிருக்கோம்.

4 மெஷின்ல லினக்ஸ் மின்ட் போட்டு டீச்சர் சொன்ன மாதிரி கெஸ்ட் செஷன். தமிழ்99 வர ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டினேன், மாதிரி ஃபோல்டருக்குள்ள கீபோர்டு செட்டிங் ஃபைலு ஒண்ணு விட்டுப்போயிருந்தது, அது சரியானதும் எல்லாம் சரி. பத்து நிமிசம் யாரும் தொடலன்னா ஸ்கிரீன்ல பெருசா தமிழ்லயும் மலையாளத்துலயும் ஒரு நிமிசத்துல மூடப் போறோம்னு வந்து, அப்பவும் யாரும் தொடலன்னா தானா லாக் அவுட் ஆகுற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போட்டுட்டோம். மத்த ரெண்டு மெஷின் விண்டோஸ்ல ஷேர்டு பிசி மோடுல நிக்கு, அதுல பழைய ஸ்கேனர் இருக்கு, லினக்ஸ்ல அது எடுக்கல. சப்போர்ட் முடிஞ்ச விண்டோஸை நெட்டுல விட மனசு இல்ல, அதனால அந்த ரெண்டுலயும் நெட் வயரைப் பிடுங்கிட்டு ஸ்கேனுக்கும் பிரிண்ட்டுக்கும் மட்டும், ஸ்கேன் பண்ணதை பென்டிரைவ்ல எடுத்துக் குடுக்கோம்.

ஆரியங்காவு தங்கச்சி எழுதினதைப் படிச்சிட்டு எங்க பயலுக ரெண்டு பேர் ரொம்ப நேரம் பேசவே இல்ல. ஒவ்வொரு மானிட்டர் மேலயும் இதுல சேவ் பண்ணினது நீங்க எந்திரிச்சதும் அழிஞ்சிரும், கரண்டு போனாலும் அழிஞ்சிரும், பென்டிரைவ் வேணும்னா கேளுங்கன்னு ஒட்டியிருக்கோம். முன்னாடி சுவத்துல ஒட்டினதை யாரும் படிக்கல, அதனால உக்காரும்போது வாயாலயும் சொல்றோம். யூபிஎஸ் இப்போதைக்கு ரெண்டுதான், ஃபார்ம் நிரப்ப வர்றவங்களை அந்த ரெண்டுலதான் உக்கார வைக்கோம். 40 பக்க நோட்டு ஒண்ணும் போட்டாச்சு, அலமாரிக்குள்ள பூட்டிதான் வைக்கோம்.

நேத்து சாயங்காலம் எங்க பென்ஷன் தாத்தா ஒருத்தர், மெயிலைத் தொறந்து பேரன் அனுப்புன ஃபோட்டோவைப் பாத்துட்டு அப்படியே கம்பை எடுத்துக்கிட்டு டீ குடிக்கப் போய்ட்டாரு. எப்பவும் போறதுதான். நான் எந்திரிச்சு மூடப் போனேன், அதுக்குள்ள நேரமாகி அதுவே மூடி, கெஸ்ட்னு மட்டும் போட்டு நின்னுச்சு. அடுத்து எட்டாவது படிக்கிற பிள்ளை வந்து உக்காந்துச்சு.

ஊத்துக்கோட்டை அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி பாக்கி இருக்கு. பேப்பர் தீர்ந்து பிரிண்ட் நின்னுபோனா, கெஸ்ட் லாக் அவுட் ஆனதும் அந்த க்யூவும் தானா காலியாகுற மாதிரி மின்ட்ல செய்ய வழி இருக்கா? இப்ப நான்தான் ஒவ்வொரு தடவையும் கையால கேன்சல் குடுக்கேன்.

ஊத்துக்கோட்டை சிஸ்டம் சர்வீஸ்:

இருக்குது. மின்ட்ல லாகின் ஸ்கிரீனைப் பாத்துக்கறது லைட்டிஎம், அதோட செட்டிங்ல செஷன் முடிஞ்சதும் ஓட்டற ஸ்கிரிப்ட்னு ஒரு இடம் இருக்குது, அதுல எல்லா பிரிண்ட் வேலையையும் கேன்சல் பண்ற ஒரு வரி போட்டா போதும், அது ரூட்டா, அதாவது முழு அட்மின் அதிகாரத்தோட, ஓடறதால யாரோட வேலையா இருந்தாலும் போயிடும். அப்படியே பிரிண்ட் வேலையைப் பாத்துக்கற கப்ஸ் செட்டிங்ல முடிஞ்ச வேலையோட ஃபைலை வெச்சிருக்காதேன்னும் போட்டுடுங்க, சும்மா விட்டா பிரிண்ட் ஆனதுக்கு அப்புறமும் ஒரு நாள் வெச்சிருக்கும். ஞாயித்துக்கிழமை உக்காந்து செஞ்சு பாருங்க, மாட்டிக்கினா எழுதுங்க.